சாரா பேலினைத் தோற்கடித்தது பத்திரிகைகளா, வாக்காளர்களா?

கரிசல்மண் | 3 ஜூன் 2025, காலை 9.12

நேரடியாகவே கேட்கிறேன். அமெரிக்காவில் வலதுசாரி வேட்பாளர் யாராவது கொஞ்சம் மேலே வந்தால் போதும், "ஆள் நல்லவர்தான், ஆனா ஜெயிக்க மாட்டார்" என்று தொலைக்காட்சிக்காரர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். ரீகனைச் சொன்னார்கள். ட்ரம்பைச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற அலாஸ்கா கவர்னர் சாரா பேலின் விஷயத்தில் மட்டும் அந்தப் பிரச்சாரம் பலித்துவிட்டது. அவர் சொல்லாத வசனத்தை அவர் வாயில் வைத்து உலகம் முழுக்கச் சிரித்தார்கள். ஊடகம் நேர்மையாக நடந்திருந்தால் 2012-ல் ஒபாமாவுக்கு எதிரே நின்று அவர் ஜெயித்திருப்பார் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "அவர் முட்டாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டாம்.

எட்டாம் வாய்ப்பாடு | 3 ஜூன், பகல் 1.40

முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்" என்பது 2008 செப்டம்பர் 13 அன்று நகைச்சுவை நிகழ்ச்சியில் பேலினாக வேஷம் போட்ட நடிகை டினா ஃபே பேசிய வசனம். பேலின் ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்பது. அது உண்மை. சின்ன டயோமீடு அமெரிக்காவுடையது, பெரிய டயோமீடு ரஷ்யாவுடையது, நடுவில் நாலு கிலோமீட்டர்கூடக் கிடையாது. இன்றைக்கும் அந்த வசனத்தை அவர் பெயரில் எழுதுகிறார்கள். இது அநியாயம்தான்.

ஆனால் நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். ஊடகம் சாய்ந்ததா என்பது ஒன்று. மக்கள் மனதில் அவரைப் பற்றி என்ன பதிந்தது என்பது இன்னொன்று. வாக்குச்சீட்டில் யார் பெயருக்கு நேரே குறி விழுந்தது என்பது மூன்றாவது. முதலாவதை நிரூபித்தால் மூன்றாவது தானாக நிரூபணமாகிவிடாது.

மூன்றாவதை அளக்க பேலின் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 2022-ல் அலாஸ்காவில் விருப்ப வரிசை முறையில் நடந்த தேர்தலில் அவர் நின்றார். ஒவ்வொரு சீட்டிலும் வாக்காளர் 1, 2, 3 என்று எழுதிய வரிசை பதிவாகியிருக்கிறது. "ஜெயிப்பாரா மாட்டாரா" என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எந்த அரசியல்வாதிக்கும் கிடைப்பது அபூர்வம். இரவு எழுதுகிறேன்.

மூணாவது பெஞ்ச் | 3 ஜூன், பகல் 2.05

இரவு வரைக்கும் பொறுக்க முடியாதவர்களுக்கு: தோத்துட்டாங்க.

எட்டாம் வாய்ப்பாடு | 3 ஜூன், இரவு 10.30

எப்படித் தோற்றார் என்பதுதான் விஷயம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அலாஸ்காவின் ஒரே உறுப்பினரான டான் யங் 2022 மார்ச்சில் இறந்தார். இடைத்தேர்தல். முதல் சுற்றில் 48 பேர் நின்றார்கள், எல்லாக் கட்சியும் ஒரே சீட்டில். அதில் பேலினுக்கு 27 சதவீதம், முதலிடம். நிக் பெகிச் 19. சுயேச்சை அல் கிராஸ் 12.6, பிறகு விலகிக்கொண்டார். ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா வெறும் 10. இதை மனதில் வையுங்கள்: பலர் நிற்கும் முதல் சுற்றில் பேலின் நன்றாகவே தேறினார். பெயர் தெரிந்தவர், அவருக்கென்று உயிரைக் கொடுக்கும் ஒரு கூட்டம், ட்ரம்பின் ஆதரவு, எல்லாம் இருந்தது.

ஆகஸ்ட் 16 அன்று மூன்று பேர் மிஞ்சினார்கள். முதல் விருப்ப வாக்குகள்:

பெல்டோலா 75,799
பேலின் 58,973
பெகிச் 53,810

பேலின், பெகிச் இருவரும் குடியரசுக் கட்சி. கூட்டினால் கிட்டத்தட்ட 60 சதவீதம். மூன்றாம் இடத்தில் வந்த பெகிச் நீக்கப்பட்டு, அவருடைய 53,810 சீட்டுகளில் இரண்டாவதாக யார் பெயர் என்று பார்க்கப்பட்டது. பேலினுக்கு 27,053. பெல்டோலாவுக்கு 15,467. மீதி 11,290 சீட்டுகளில் இரண்டாவது விருப்பமே செல்லுபடியாக இல்லை. முடிவு: பெல்டோலா 91,266, பேலின் 86,026. வித்தியாசம் 5,240.

அதாவது சொந்தக் கட்சிக்காரருக்கு முதல் ஓட்டைப் போட்டவர்களில் பாதிப் பேர்தான் பேலினை இரண்டாவதாக எழுதினார்கள். பத்தில் மூன்று பேர் எதிர்க்கட்சிக்குத் தாவினார்கள். 2020-ல் ட்ரம்ப் 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம் இது.

கரிசல்மண் | 4 ஜூன், காலை 7.50

அந்த 11,290 சீட்டை லேசாகத் தாண்டிப் போகிறீர்களே. முறை புதுசு. 2020-ல்தான் வாக்கெடுப்பில் மயிரிழையில் நிறைவேறியது. முதல் தடவையாகப் பயன்படுத்துகிறார்கள். குழப்பத்தில் ஒரே பெயரோடு நிறுத்திவிட்டார்கள். அவை பேலினுக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பார்.

எட்டாம் வாய்ப்பாடு | 4 ஜூன், காலை 11.15

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 11,290 பேரும் யாராவது ஒருவரை எழுதியிருந்தார்கள் என்று வையுங்கள். 5,240 வித்தியாசத்தை அடைக்கப் பேலினுக்கு அவற்றில் 8,265-க்கு மேல் விழ வேண்டும். அது 73 சதவீதம். ஆனால் இரண்டாவது விருப்பத்தை எழுதிய 42,520 பெகிச் வாக்காளர்களில் பேலினைத் தேர்ந்தவர்கள் 64 சதவீதம்தான். அதே விகிதத்தில் இந்த 11,290-ஐயும் பிரித்தால் அவருக்கு நிகரமாக மூவாயிரத்துச் சொச்சம் கூடும். அப்போதும் சுமார் 2,160 ஓட்டில் தோற்பார்.

குழப்பம் என்ற வாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த முறையைப் பேலினே மேடைக்கு மேடை திட்டினார். மாநிலக் குடியரசுக் கட்சி "சிவப்பை வரிசைப்படுத்துங்கள்" (சிவப்பு அந்தக் கட்சியின் நிறம்) என்று தொண்டை வறளக் கத்தியது. அவர்களுடைய முன்னணி வேட்பாளரே முறையை நம்பாதீர்கள் என்றால் யார் இரண்டாவது பெயர் எழுதுவார்கள்? இது வேட்பாளர் தன் கையால் செய்துகொண்ட சேதம். எந்த ஆசிரியர் குழுவும் செய்யவில்லை.

மூணாவது பெஞ்ச் | 4 ஜூன், பகல் 12.20

விருப்ப வரிசை புரியாதவர்களுக்கு: நம்ம குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏ, எம்பிக்கள் 1, 2, 3 என்று எழுதுவது இதே வகைதான். 1969-ல் வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டாமல், அடுத்தடுத்த விருப்பங்கள் சேர்ந்துதான் ஜெயித்தார். இலங்கையில் 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முதல் தடவையாக இரண்டாம் விருப்ப எண்ணிக்கைக்குப் போனது. அங்கே மட்டும் ஒரு வித்தியாசம். முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் நீக்கிவிடுவார்கள். அலாஸ்காவில் கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக.

எட்டாம் வாய்ப்பாடு | 4 ஜூன், இரவு 9.45

அந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் அலாஸ்காவில் நீக்கப்பட்ட ஆள்தான் உண்மையில் பலமான ஆள். சீட்டுப் பதிவுகளை எடுத்து இருவர் இருவராக மோதவிட்டுப் பார்த்தவர்கள் கண்டது: பெகிச், பெல்டோலா மட்டும் நின்றிருந்தால் பெகிச் சுமார் 52–53 சதவீதம் வாங்கி ஜெயித்திருப்பார். பெகிச், பேலின் மட்டும் என்றால் பெகிச்சுக்கு 60-க்கு மேல். அதே நாள், அதே மாநிலம், அதே பத்திரிகைகள். ஒரு வலதுசாரி வேட்பாளர் ஜெயித்திருப்பார், இன்னொருவர் தோற்றார்.

"வலதுசாரி என்பதால் தோற்கடித்தார்கள்" என்ற வாதம் இங்கேதான் சிக்கலாகிறது. பெகிச்சின் கொள்கைகள் மிதவாதம் ஒன்றும் இல்லை.

கரிசல், உங்களுக்கு முன்கூட்டியே ஒரு வழி விடுகிறேன். "பெகிச்சை யாருக்கும் தெரியாது, அதனால் வெறுப்பும் இல்லை. பேலினை 14 வருஷம் அடித்தார்கள்" என்று நீங்கள் சொல்லலாம். அது நியாயமான பதில்.

கரிசல்மண் | 5 ஜூன், காலை 8.30

அதையேதான் சொல்ல வந்தேன். 14 வருஷம் அடித்தால் யார்தான் தாங்குவார்கள்? 2017-ல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியதே, 2011 டூசான் துப்பாக்கிச் சூட்டுக்குப் பேலின் தரப்பின் வரைபடம் தூண்டுகோல் என்று. கொலைப்பழி அது. கோர்ட்டில் அதற்கு என்ன நியாயம் கிடைத்தது?

எட்டாம் வாய்ப்பாடு | 5 ஜூன், மாலை 6.10

நல்ல உதாரணம், கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

2010-ல் பேலினின் அரசியல் குழு சில தொகுதிகளின் மேல் குறிபார்க்கும் வட்டம் போட்ட அமெரிக்க வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஜனநாயகக் கட்சியின் கீழவை உறுப்பினர் கேப்ரியேல் கிஃபோர்ட்ஸின் தொகுதியும் ஒன்று. 2011 ஜனவரி 8 அன்று டூசானில் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டார், 6 பேர் இறந்தார்கள். சுட்டவன் அந்த வரைபடத்தைப் பார்த்துத் தூண்டப்பட்டான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆறு வருஷம் கழித்து, 2017 ஜூன் 14 அன்று, அந்தத் தலையங்கம் தொடர்பு இருப்பதாக எழுதியது. மறுநாளே திருத்தம் போட்டார்கள். தவறு என்பதைப் பத்திரிகையே ஒப்புக்கொண்டுவிட்டது, அதில் விவாதம் இல்லை.

வழக்கில் ஏன் தோற்றார்? 1964-ன் சல்லிவன் தீர்ப்பு. பொதுவாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க, செய்தி பொய் என்று காட்டினால் போதாது. பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது பொய்யாக இருக்கலாம் என்ற பலத்த சந்தேகம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள் என்று காட்ட வேண்டும். 2022 பிப்ரவரியில் தோல்வி. ஜூரிகள் இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வழக்கைத் தள்ளப்போவதாக நீதிபதி அறிவித்துவிட்டார். 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் மறுபடியும் ஜூரி பத்திரிகையின் பக்கம்.

சட்டத்தில் "தீய நோக்கம் நிரூபணமாகவில்லை" என்பதும், வாசகன் பார்வையில் "ஒருதலைப்பட்சம்" என்பதும் ஒன்றல்ல. தீர்ப்பைக் காட்டிச் சாய்வே இல்லை என்று வாதிடுகிறவர்களும் தப்பாகத்தான் பேசுகிறார்கள்.

மூணாவது பெஞ்ச் | 5 ஜூன், மாலை 6.40

இதே வரிசையில் 1964-ன் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் கோல்ட்வாட்டரையும் சேருங்கள். 1964-ல் ஒரு பத்திரிகை நாட்டிலுள்ள 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, "இவர் மனதளவில் ஜனாதிபதி பதவிக்குத் தகுதியானவரா" என்று கேட்டது. பதில் போட்டவர்கள் 2,417. தகுதியில்லை என்றவர்கள் 1,189. அட்டையில் போட்டார்கள் பாருங்கள், 1,189 மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்று! அனுப்பியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவர்கூட ஆளை நேரில் சோதித்தது கிடையாது. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு 75,000 டாலர் தண்டத்தொகை வாங்கினார், சல்லிவன் தீர்ப்பு வந்த பிறகும். நேரில் சோதிக்காத பொதுமனிதரைப் பற்றி மனநல மருத்துவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற விதி 1973-ல் வந்தது இந்தக் கூத்தால்தான். அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

எட்டாம் வாய்ப்பாடு | 5 ஜூன், இரவு 11.00

சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள். நீதிமன்றமே ஒப்புக்கொண்ட அநியாயம். ஆனால் கோல்ட்வாட்டர் ஜான்சனிடம் தோற்றது 61-க்கு 38.5 என்று. 6 மாநிலம், 52 தேர்வாளர் வாக்கு. அந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் 61 என்பது 50 ஆகியிருக்குமா? கென்னடி கொல்லப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பொருளாதாரம் நன்றாக ஓடியது, 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக அவர் ஓட்டுப் போட்டிருந்தார். அணுகுண்டைப் பற்றி அவரே விட்ட வார்த்தைகள் வேறு. சிறுமி பூவிதழ் எண்ணும்போது அணுகுண்டு வெடிக்கும் ஜான்சன் தரப்பு விளம்பரம் காசு கொடுத்து ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பானது, செப்டம்பர் 7. அதில் கோல்ட்வாட்டர் பெயர்கூடக் கிடையாது. பார்த்தவர்கள் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள், காரணம் அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது.

எதிர்மறைச் செய்தி எல்லாமே ஒட்டுவதில்லை. ஏற்கெனவே உள்ள சந்தேகத்தின் மேல் விழுந்தால் ஒட்டும். பேலினைப் பற்றி எத்தனையோ வதந்தி வந்தது, பலதும் உதிர்ந்துவிட்டது. ஒட்டியது ஒன்றே ஒன்று: "தயாராக இல்லை." 2008-ல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில் 60 சதவீதம் பேர் அவர் ஜனாதிபதியாகத் தகுதியில்லை என்றார்கள், 38 சதவீதம் தகுதி உண்டு என்றார்கள்.

கரிசல்மண் | 6 ஜூன், காலை 9.05

ரீகன்? போர் வெறியர், நடிகர், 69 வயசு கிழவர் என்று எழுதாத பேப்பர் இல்லை. அவருக்கு ஏன் ஒட்டவில்லை?

எட்டாம் வாய்ப்பாடு | 6 ஜூன், பகல் 1.25

ஒட்டியது. பிறகு அவர் உரித்துப்போட்டார். ரீகன் மேல் இருந்த சந்தேகம் "இவர் கையில் அணுகுண்டுப் பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆகும்" என்பது. அதற்கு மருந்து, மக்கள் தங்கள் கண்ணால் நீண்ட நேரம் அவரைப் பார்ப்பது. 1980 அக்டோபர் 28, கிளீவ்லாந்து, கார்ட்டரோடு ஒரே ஒரு விவாதம். வாக்குப்பதிவு நவம்பர் 4. தொண்ணூறு நிமிஷம் பதற்றமில்லாமல், சிரித்த முகமாக நின்றார். "நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா" என்று கேட்டார். பணவீக்கம் இரண்டு இலக்கத்தில், ஈரானில் பணயக்கைதிகள். முடிவு 50.7-க்கு 41, 44 மாநிலம். அதற்கு முன் அவர் கலிபோர்னியாவில் எட்டு வருஷம் கவர்னர். முழுசாக இரண்டு பதவிக்காலம்.

இப்போது பேலினை எடுங்கள். சந்தேகம் "தயாராக இல்லை" என்பது. அதற்கு மருந்து அலாஸ்கா கவர்னர் பதவியை ஒழுங்காக முடிப்பது. அவர் செய்தது என்ன? 2009 ஜூலை 3 அன்று ராஜினாமா அறிவிப்பு, 26 அன்று வெளியே. பதவிக்காலம் 2010 டிசம்பர் வரை இருந்தது.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. துணை ஜனாதிபதி வேட்பாளரான பிறகு அவர் மேல் நெறிமுறைப் புகார்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் தள்ளுபடி. ஆனால் வக்கீல் செலவு 5 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது என்றார். யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம், பதில் சொல்பவர் சொந்தக் காசில் வக்கீல் வைக்க வேண்டும் என்ற அமைப்பு. அது எதிராளிகளுக்கு வசதியான ஆயுதம். இதை ஒப்புக்கொண்டாலும், வாக்காளன் நினைவில் நின்றது "பாதியில் விட்டுப் போனார்" என்பது மட்டும்.

2022-ல் அந்த வாக்கியத்தை வைத்து அவரைத் தாக்கியது பெகிச் தரப்பு. பெல்டோலாவும் பேலினும் பொதுவில் நட்பாகவே பேசிக்கொண்டார்கள்.

மூணாவது பெஞ்ச் | 6 ஜூன், பகல் 2.00

எதிர்க்கட்சி கட்டிப்பிடிக்குது, சொந்தக் கட்சி காலை வாருது. பத்திரிகைக்கு வேலையே இல்லையே.

எட்டாம் வாய்ப்பாடு | 6 ஜூன், இரவு 10.15

விட்டுப்போன ஒன்று, கரிசலுக்குச் சாதகமானது. 2006–08 கவர்னர் பேலின் வேறு ஆள். சொந்தக் கட்சியின் பதவியிலிருந்த கவர்னர் ஃபிராங்க் முர்கௌஸ்கியை பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், தோற்கடித்து வந்தவர். 2007-ல் ஜனநாயகக் கட்சியினர் ஓட்டோடு எண்ணெய் நிறுவனங்கள் மேல் வரியை ஏற்றினார். 2008-ல் ஒவ்வொரு அலாஸ்காக்காரருக்கும் மாநில எண்ணெய் வருமான நிதியிலிருந்து வருஷாவருஷம் கிடைக்கும் வழக்கமான பங்கு 2,069 டாலரோடு எரிபொருள் விலைக்காக 1,200 கூடுதலாகக் கொடுத்தார், ஆக 3,269. அப்போது மாநிலத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கு 80 சதவீதத்துக்கும் மேல். அந்த ஆளைத் தேசியப் பத்திரிகைகள் கிட்டத்தட்டக் காட்டவேயில்லை. ஆனால் அவரைத் துணைக்கு எடுத்த ஜனாதிபதி வேட்பாளர் மெக்கெய்னின் பிரச்சாரக் குழுவும் காட்டவில்லை. துணை வேட்பாளராக அறிவித்த 2008 ஆகஸ்ட் 29-க்குப் பிறகு அவருக்குக் கொடுத்த வேலை தாக்குவது. பிறகு அதுவே அவர் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டி கூரிக் என்ன பேப்பர் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது, பெயர் சொல்லாமல் மழுப்பியதற்குப் பதில் அலாஸ்கா எரிவாயுக் குழாய் பற்றிப் பத்து நிமிஷம் பேசியிருக்கலாம். அது அவருக்கு அத்துப்படி.

கரிசல்மண் | 7 ஜூன், காலை 8.15

ட்ரம்புக்கு வாருங்கள். 2016-ல் 60 சதவீதம் பேருக்குப் பிடிக்காதவர். உங்கள் சூத்திரப்படி தோற்றிருக்க வேண்டும்.

எட்டாம் வாய்ப்பாடு | 7 ஜூன், பகல் 12.50

எதிரே யார் என்பது விட்டுப்போனால் எந்தச் சூத்திரமும் வேலை செய்யாது. வாசல் கணிப்பில் ட்ரம்பைப் பிடிக்காதவர் 60, ஹிலரியைப் பிடிக்காதவர் 55. இருவரையுமே பிடிக்காதவர்கள் 18 சதவீதம். அவர்களிடம் ட்ரம்ப் ஏறத்தாழ 47-க்கு 30 என்று முன்னிலை. மிச்சிகன் 10,704, விஸ்கான்சின் 22,748, பென்சில்வேனியா 44,292. மூன்றையும் சேர்த்தால் எண்பதாயிரத்துக்கும் குறைவு. நாடு தழுவிய ஓட்டில் அவர் 46.1, ஹிலரி 48.2. வெறுப்பு அவரைத் தடுக்கவில்லை என்பது பாதிதான் சரி. எதிராளியும் கிட்டத்தட்ட அதே அளவு வெறுக்கப்பட்டதால் ஊசிமுனையில் தப்பினார்.

அலாஸ்காவில் பேலினுக்கு அந்த வசதி இல்லை. பெல்டோலா மீன், குடும்பம், சுதந்திரம் என்று மூன்று வார்த்தையை வைத்துச் சுற்றிவந்தார். வெறுக்க ஆளில்லை.

கருத்துக்கணிப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று தனிமடலில் கேட்டவருக்கும் சேர்த்து இங்கேயே. "பிடிக்கும் 40, பிடிக்காது 52" என்ற தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். பிடிக்காது என்பதில் "அறவே பிடிக்காது" எத்தனை என்று பாருங்கள், நகராத கூட்டம் அதுதான். "கருத்து இல்லை" எத்தனை என்று பாருங்கள். அது 5-க்குக் கீழே என்றால் வேட்பாளருக்குத் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள இடமே இல்லை, எத்தனை கோடி விளம்பரம் போட்டாலும் நகராது. பேலினுக்கு 2009-லிருந்தே இதுதான் பிரச்சினை. பெகிச்சுக்கு அந்த இடம் நிறைய இருந்தது. அப்புறம் சார்பற்ற வாக்காளர் பத்தியைப் பார்க்கும்போது மாதிரி எண்ணிக்கையையும் பாருங்கள். மொத்தம் 600 பேர் என்றால் பிழை கூட்டியோ குறைத்தோ 4. அதில் சார்பற்றவர் 200 பேர்தான் என்றால் பிழை 7 வரை போகும். இந்த 200 பேரை வைத்து "சார்பற்றவர்களிடம் 5 புள்ளி முன்னேற்றம்" என்று செய்தி போடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை, தாண்டிப் போங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது, ஒரே சீட்டில் நிற்கும் சகக் கட்சிக்காரரோடு ஒப்பிடுவது. 2022 நவம்பரில் பேலின் மறுபடி நின்றார். அதே சீட்டில் குடியரசுக் கட்சி கவர்னர் டன்லீவி முதல் எண்ணிக்கையிலேயே 50.3. கீழவைக்குப் பெல்டோலா 48.8, பேலின் 25.7, பெகிச் 23.3. கடைசிச் சுற்றில் பெல்டோலா 55, பேலின் 45. ஆகஸ்டைவிட மோசம். ஜார்ஜியாவிலும் அதே வருஷம் இதே கதை. கவர்னர் கெம்ப் ஏழு புள்ளிக்கு மேல் முன்னிலையில் ஜெயித்தார், அதே கட்சியின் ஹெர்ஷல் வாக்கர் செனட்டுக்கு மறுவாக்கெடுப்பு வரை போய்த் தோற்றார். இரண்டு பேரைப் பற்றியும் எழுதியவை அதே பத்திரிகைகள்.

மூணாவது பெஞ்ச் | 7 ஜூன், பகல் 1.30

ஒரு சின்னத் திருத்தம். நவம்பரில் ஆகஸ்டைவிட மோசமானதற்குப் பேலின் மட்டும் காரணமில்லை. அதற்குள் பெல்டோலா பதவியில் இருக்கும் உறுப்பினர் ஆகிவிட்டார், பணமும் பெயரும் கூடிவிட்டது. அப்புறம் செப்டம்பரில் பேலின் பெகிச்சை விலகச் சொல்லிச் செய்தியாளர்களைக் கூட்டியதும் கட்சிக்குள் கசப்பை ஏற்றியது.

எட்டாம் வாய்ப்பாடு | 7 ஜூன், பகல் 1.55

ஆமாம், அந்த ஒப்பீட்டில் பதவியிலிருப்பவரின் சாதகத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். எத்தனை புள்ளி கழிப்பது என்பதில்தான் ஆளாளுக்கு வித்தியாசம்.

இன்னொரு அளவுகோல்: எதிராளி யாரை விரும்புகிறார்? 2012-ல் மிசூரியில் செனட்டர் கிளேர் மெக்கஸ்கில் எதிர்க்கட்சியின் பிரைமரியில் டாட் ஏகின் ஜெயிக்கட்டும் என்று சுமார் 17 லட்சம் டாலர் விளம்பரத்துக்குச் செலவழித்தார். விளம்பரம் ஏகினைத் திட்டுவது போலவே இருக்கும். "மிசூரிக்கு இவர் மிதமிஞ்சிய வலதுசாரி" என்று. பிரைமரி வாக்காளருக்கு அது பாராட்டு. ஏகின் ஜெயித்தார், ஆகஸ்டில் பலாத்காரத்தைப் பற்றி உளறினார், நவம்பரில் 54.8-க்கு 39 என்று தோற்றார். அதே நாளில் ராம்னி அந்த மாநிலத்தில் 9 புள்ளியில் ஜெயித்தார். உங்கள் வேட்பாளரை எதிர்க்கட்சி காசு கொடுத்து வளர்த்தால், அவரைப் பற்றி எதிர்க்கட்சியிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

கரிசல்மண் | 8 ஜூன், காலை 7.40

அலாஸ்கா கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது 2022. என் கேள்வி 2012. 2011-ல் நின்றிருந்தால் பிரைமரியாவது ஜெயித்திருப்பாரா இல்லையா? அப்போது வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த தேநீர்க் கட்சி என்ற வலதுசாரி இயக்கத்தின் அலை இருந்தது. 2010-ல் அவர் கைகாட்டியவர்கள் பலர் ஜெயித்தார்கள்.

எட்டாம் வாய்ப்பாடு | 8 ஜூன், பகல் 3.20

அதே அலையில் டெலவேரில் செனட்டுக்கு நின்ற கிறிஸ்டின் ஓடானல் பிரைமரியில் மைக் காசிலைத் தோற்கடித்துவிட்டு, பொதுத்தேர்தலில் 16 புள்ளிக்கு மேல் தோற்றார். நெவாடாவில் ஷாரன் ஆங்கிள், ஹாரி ரீட் என்ற பலவீனமான எதிராளியிடமே தோற்றார். இவர்களும் பேலின் கைகாட்டியவர்கள்தான்.

2012 பிரைமரிக்கு ஊடகம் ஒரு தடை என்றால் காகிதவேலை பத்துத் தடை. கட்சி வேட்பாளராக மொத்தம் 2,286 மாநாட்டுப் பிரதிநிதிகளில் 1,144 வேண்டும். முதல் வாக்கெடுப்புகள் அயோவாவில் ஜனவரி 3, நியூ ஹாம்ப்ஷயரில் ஜனவரி 10. நியூ ஹாம்ப்ஷயர், புளோரிடா, தென் கரோலினா வேட்புமனுவெல்லாம் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் தேதியிலும் முடிந்துவிட்டது. பேலின் நிற்கவில்லை என்று அறிவித்தது அக்டோபர் 5. அதாவது அதற்குமேல் தள்ளிப்போட முடியாத கட்டத்தில். வர்ஜீனியாவைப் பாருங்கள்: 10,000 கையெழுத்து, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் குறைந்தது 400. வேட்பாளர்கள் கிங்ரிச்சும் பெர்ரியும் அதைத் தாண்டாமல் சீட்டிலேயே இடம் பெறவில்லை. ராம்னி, ரான் பால் இருவர் பெயர்தான் இருந்தது. வீடுவீடாகக் கையெழுத்து வாங்க ஆள் வைத்திருந்தாரா என்பதைத்தான் 2011-ல் கேட்டிருக்க வேண்டும். அயோவாவுக்குப் பேருந்தில் போனார், கூட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்று அமைப்பு எதுவும் எழும்பவில்லை.

மூணாவது பெஞ்ச் | 8 ஜூன், மாலை 5.00

பேருந்துக்குப் பெட்ரோல் போட்டவன் கையெழுத்துக்குப் பேனா வாங்கலை.

கரிசல்மண் | 9 ஜூன், காலை 9.30

கடைசியா ஒண்ணு. 2024-ல் பெகிச் ஜெயித்தாரே, அது உங்கள் வாதத்தை நிரூபிக்கிறதா, அல்லது ட்ரம்ப் அலையா?

எட்டாம் வாய்ப்பாடு | 9 ஜூன், பகல் 12.10

இரண்டும் கலந்தது, பிரிப்பது கஷ்டம். ஆகஸ்ட் முதல் சுற்றில் பெல்டோலா 50.9, பெகிச் 26.6, நான்சி டால்ஸ்ட்ராம் 20 சதவீதம். ட்ரம்பின் ஆதரவு டால்ஸ்ட்ராமுக்குத்தான். ஆனால் அவர் முடிவு வந்த சில நாளில் விலகி பெகிச்சுக்கு வழிவிட்டார். 2022-ல் பேலினும் பெகிச்சும் செய்யாதது அது. நவம்பரில் ட்ரம்ப் 13 புள்ளியில் ஜெயித்த மாநிலத்தில் பெகிச் கடைசிச் சுற்றில் ஏறத்தாழ 51–49 என்று ஜெயித்தார். ட்ரம்ப் பெயர் சீட்டில் இருந்ததால் வந்த கூட்டம் எத்தனை, பெகிச்சுக்காக மட்டும் விழுந்தது எத்தனை என்று சீட்டைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ட்ரம்புக்கும் பெல்டோலாவுக்கும் சேர்த்துப் போட்டவர்களை எண்ணினால் தெரியும்.

கோப்பு மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் கிடைக்கும், சீட்டுப் பதிவு என்ற பெயரில். சாதாரண விரிதாளில் திறக்க முயன்றால் கணினி தொங்கிவிடும். ஒரு வரிக்கு ஒரு சீட்டு என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே வரிசைக்கு இரண்டு பெயர் குறித்தவை, முதல் இடத்தை வெறுமையாக விட்டு இரண்டில் குறித்தவை, இரண்டையும் தனியே பிரித்து வையுங்கள். முதல் வகையில் சீட்டு அந்த இடத்தோடு செயலிழக்கும். இரண்டாவது வகையில் அடுத்த பெயர் முதல் விருப்பமாக ஏறும். இதைக் கலந்துவிட்டால் அதிகாரப்பூர்வ எண்ணோடு கூட்டல் பொருந்தாது. 2022 ஆகஸ்ட் கோப்பில் முதலில் கைபழகுங்கள், 27,053 வருகிறதா என்று பார்த்துவிட்டு 2024-க்குப் போங்கள்.

மூணாவது பெஞ்ச் | 9 ஜூன், பகல் 12.35

கரிசல், நீங்க எண்ணுங்க. வராட்டி பத்திரிகைக்காரன் மாத்திட்டான்னு சொல்லக்கூடாது.

கரிசல்மண் | 9 ஜூன், பகல் 12.50

இறக்கிக்கொண்டிருக்கிறேன். ட்ரம்ப்–பெல்டோலா சீட்டு எண்ணிக்கை வந்ததும் புது இழை போடுகிறேன்.